கண்ணாடியை இறக்கித் திட்டுகிறவர்கள்

திறந்த ஜீப் ஓட்டுகிற எனக்கு, "ஹூடைப் போட்டுட்டு ஓட்டு" என்று சொல்லாத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அண்ணன் சொல்லிவிட்டான், பெரியம்மா சொல்லிவிட்டார், வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனும் சொல்லிவிட்டார். போன மாசம் அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் விசாரித்து, இரும்புத் தகட்டில் முழுக்கூரையும் நாலு பக்கமும் கண்ணாடியும் வைத்துக்கொடுக்க எவ்வளவு ஆகும் என்று விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எல்லாரும் சொல்கிற காரணம் ஒன்றுதான். ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறான், எதற்கு அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு? அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வாய் அவனுடையது, மூடிக்கொள்ள வேண்டியது மட்டும் நான் என்பது எந்த ஊர் நியாயம்?

வண்டி அப்பாவுடையது. மஹிந்திரா எம்எம் 540. தேனி மாவட்டத்தில், கேரள எல்லையில் மலை மேல் இருக்கிற போடிமெட்டுக்கு அங்கிட்டு எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது, அதற்காகத்தான் வாங்கினார். உர மூட்டை, மருந்தடிக்கிற மோட்டார், ஓஸ் சுருள், ஏணி, சில நாள் நாலைந்து வேலையாட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறும். மழை இல்லாத நாளில் அப்பா அந்த ஹூடை, அதாவது மேல் படுதாவைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது தலைக்கு மேலே அடுத்த வளைவில் என்ன இறங்கி வருகிறது என்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பார். போடியிலிருந்து மெட்டுக்கு ஏறுகிற சாலையில் 17 வளைவுகள். படுதாவைப் போட்டுவிட்டால் மேலே இருக்கிற ரோடு கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னலும் வெயிலில் மங்கிப்போய்ப் பாதிதான் காட்டும். ஆகவே நான் திறந்து ஓட்டுவதற்குப் பின்னால் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இல்லாமல் போனாலும், காற்று முகத்தில் படுகிறதே, அது எனக்குப் பிடிக்கும் என்பதே போதுமான காரணம்தான்.

என்னென்ன கேட்டிருக்கிறேன் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். பஸ் ஜன்னலில் இருந்து வாய் கொப்பளித்த தண்ணீர் மேலே விழுந்திருக்கிறது. அது கவனக்குறைவு, அதை இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். பைக்கில் பக்கத்தில் வந்து, "அக்கா, தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு முறுக்கிக்கொண்டு போகிற பையன்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவன் போனைத் தூக்கி, என்னைக் கேட்காமலே வீடியோ எடுப்பது இப்போது அதிகமாகிவிட்டது. "இதுக்கெல்லாம் எஃப்சி இருக்கா?" என்று கேட்கிறவர்கள். இருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டித்தான் ஓட்டுகிறேன். அப்புறம் கார்கள். கார்க்காரர்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வருவார்கள், பக்கத்தில் வந்ததும் கண்ணாடி இறங்கும், ஒரு வசவு விழும், நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி ஏறிவிடும். வண்டி போய்விடும். அவர் சொன்னதை நான் கேட்டே ஆக வேண்டும், என் பதிலை அவர் கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடுதான் என்னை உறுத்துகிறது. வசவை விட இதுதான் அதிகம் உறுத்துகிறது.

முதலில் இதையெல்லாம் நான் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்: பெண் ஓட்டுகிறாள், அதனால் சொல்கிறார்கள். அதில் நிறைய உண்மை இருக்கிறது. "வீட்ல ஆம்பள இல்லையா?" என்ற கேள்வியை அப்பாவிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்று எனக்குக் காட்டியது மலைச்சாலை.

ஏறுகிற வண்டிக்கு வழி

மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும். இது ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. சாலை விதிகளிலேயே எழுதி இருக்கிறது. காரணமும் எளிது. பாரத்தோடு ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம், கொஞ்சம் பிசகினால் பின்னால் உருளும். இறங்குகிறவனுக்கு பிரேக்கை மிதித்து ஓரம் கட்டுவது ஒரு வேலையே இல்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஜீப் டிரைவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஏறுவார்கள். எதிரே வருகிற வண்டி உள்ளூர் வண்டியாக இருந்தால் தூரத்திலேயே ஒதுங்கி நின்றிருக்கும், ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரல் உயரும், அவ்வளவுதான்.

மூணாறில் இருந்து போடிமெட்டு வரைக்கும் ரோட்டை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்த பிறகு, சனி ஞாயிறுகளில் அந்தப் பக்கமிருந்து இறங்குகிற கார்கள் கூடிவிட்டன. அகலமான ரோட்டில் வேகமாக வந்து பழகியவர்கள், மெட்டைத் தாண்டி நம் பக்கத்துக் குறுகலான வளைவுகளிலும் அதே வேகத்தில் இறங்குகிறார்கள். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வளைவின் நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் கார் எனக்கு நேராக வந்து நின்றது. என் பின்னால் உர மூட்டைகள். எனக்குப் பின்னால் வேலைக்கு ஆள் ஏற்றிய இன்னொரு ஜீப். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு, ஓட்டத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு மலைக்கு வர்றீங்க" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கைகாட்டிச் சொன்னேன், தலையை அசைத்தேன், பின்னால் இருந்த ஜீப்பைக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் திரும்பவே இல்லை.

பின்னால் நின்ற ஜீப்பில் இருந்த பெண்கள்தான் அதை முடித்தார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மடியில் தூக்குவாளியோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், ஒருத்தர் ஆரம்பிக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "ஏறுற வண்டிக்கு வழி விடுய்யா!" என்று அத்தனை குரலும் ஒன்றாக எழுந்தது. மூடிய கண்ணாடிக்குள்ளும் அது கேட்டது. கார் பின்னால் போனது. தாண்டிப் போகும்போது அந்த ஜீப் டிரைவர் அண்ணனிடம் கேட்டேன், "இப்படி தினமும் நடக்குமாண்ணே?" "தெறந்த வண்டின்னா நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வான்த்தா. இவங்கல்லாம் எத்தன வருஷமா கேக்குறாங்க" என்றார்.

அவர் ஆம்பளை. அந்த ஜீப் என் ஜீப்பை விட நல்ல நிலையில் இருந்தது. அவருக்கும் இதே கதைதான். அதற்கப்புறம் நான் ரோட்டைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. யாரெல்லாம் திறந்த வண்டியில் போகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். டிராக்டர் டிரெய்லரில் நின்றுகொண்டு போகிற கூலியாட்கள், குட்டியானையின் பின்னால் தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பவர்கள், ஆட்டோக்காரர், பால் கேனோடு போகிற டிவிஎஸ் 50. இந்த நாட்டில் பதிவாகியிருக்கிற வண்டிகளில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக இருசக்கர வண்டிகள்தான். கண்ணாடிக்குள் போகிறவர்கள்தான் குறைவு. ஆனால் ரோட்டில் யார் யாரை அதட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குறைவானவர்கள்.

மூடினால் என்ன ஆகும்

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1968-இல் டூப், கிராஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நகராமல் ஒரு காரை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள். ஒரு தடவை பளபளப்பான விலை உயர்ந்த கார், இன்னொரு தடவை துருப்பிடித்த பழைய கார். பழைய காருக்குப் பின்னால் மாட்டியவர்களில் 84 சதவீதம் பேர் ஹாரன் அடித்தார்கள், புதிய காருக்குப் பின்னால் இருந்தவர்களில் 50 சதவீதம் பேர். என் ஜீப்பின் பெயிண்ட் உரிந்த பின்பக்கத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன். தப்பு ஒன்றே, நேரம் ஒன்றே. முன்னால் நிற்பவர் எந்த வண்டியில் நிற்கிறார் என்பது மட்டும்தான் மாறியது.

அடுத்தது இன்னும் நெருக்கமானது. 1995-இல் வந்த ஒரு ஆய்வில், மேல்கூரையை மடக்கி வைக்கக்கூடிய வண்டிகளை ஓட்டுகிறவர்களையே எடுத்துக்கொண்டார்கள். சிக்னலில் முன்வண்டி நகராமல் நிற்கிறது. கூரையை மூடி வைத்திருந்தவர்கள் சீக்கிரம் ஹாரன் அடித்தார்கள், அடிக்கடி அடித்தார்கள், நீளமாக அடித்தார்கள். திறந்து வைத்திருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். தான் யார் என்று பிறருக்குத் தெரிகிறது என்ற நினைப்பே கையைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் அவர்களின் விளக்கம். என் அண்ணனையே எடுத்துக்கொள்கிறேன். புல்லட்டில் போகும்போது அவன் வழியில் யாரையும் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. முன்னால் ஆடு மேய்த்துக்கொண்டு போகிறவரிடம் "ஐயா, கொஞ்சம் ஒதுக்குங்க" என்பான். அதே அண்ணன் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், அதே ஆட்டுக்காரரைப் பற்றி உள்ளே உட்கார்ந்து பேசுகிற பேச்சு வேறு. மனிதன் ஒருவன்தான்.

ஆகவே எனக்கு வருகிற யோசனையை இப்படியும் பார்க்கலாம். ரோட்டில் மரியாதையைக் குறைக்கிற பொருள் எதுவோ, அதையே நானும் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எல்லாரும் மூடிக்கொண்டால் யாருக்கும் வசவு கேட்காதுதான். திட்டுகிறவர்கள் அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், மூடிக்கொள்ள வழியில்லாத டிவிஎஸ் 50-காரர் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

கேட் மூடியிருந்த நேரம்

எங்கள் பக்கத்து ரயில் கதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். தேனி வரைக்கும் அகலப்பாதையில் ரயில் மறுபடி வந்தது 2022 மே மாதத்தில், போடி வரைக்கும் 2023 ஜூனில். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் தேனியில் ரயில்வே கேட் என்பதே மறந்துபோயிருந்தது. இப்போது ரயில் வருகிற நேரத்தில் ஊர் நிற்கிறது. நிறையப் பேர் அதற்குச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கேட் மேல் தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணம் ஒரு சாயங்காலம்.

பெரியகுளத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அம்மாவும் நானும் போய்க்கொண்டிருந்தோம். தேனிக்குள் நுழைகிற இடத்தில் இடதுபக்கம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஒதுங்க இடமில்லை. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. கொஞ்சம் இடம் கிடைத்ததும் வலதுபக்கம் ஏறி வந்தது, கண்ணாடி இறங்கியது. "ஏய், இந்த ஓட்ட வண்டிய எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வரலேன்னா என்ன? வீட்ல ஆம்பள யாரும் இல்லையா?" கண்ணாடி ஏறியது. போய்விட்டார். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேகத்தைக் கூட்டவில்லை. துரத்திப் பிடிக்கிற எண்ணம் எனக்கு எப்போதுமே கிடையாது. ரோட்டில் கோபத்தோடு துரத்துவது இன்னொருத்தர் உயிரில் முடியும்.

நாலு தெரு தாண்டினால் கேட் மூடியிருந்தது. மதுரை போகிற சாயங்கால ரயில். அந்தக் கார் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கேட்டில் நம் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று தெரியுமே, இடது வலது பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிறைப்பார்கள். வண்டிகள் நகர நகர, என் ஜீப் சரியாக அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எல்லாரும் எஞ்சினை அணைத்தார்கள். கடலை விற்கிறவர் வந்தார். காருக்குள் முன் சீட்டில் ஒரு பெண், பின்னால் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் கடலை கேட்டிருக்க வேண்டும், அவர் கண்ணாடியை இறக்கினார். இறக்கியதும் என்னைப் பார்த்துவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"அங்க நீங்க என்னமோ சொன்னீங்க. சரியா கேக்கல. இப்பச் சொல்லுங்க" என்றேன்.

சாதாரணமாகத்தான் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கடலைக்காரரிடம் சில்லறையைத் தேடினார். என்னைப் பார்க்காமல், "ஒண்ணுமில்லங்க" என்றார். நான் காத்திருந்தேன். கேட் மூடியிருக்கிறது, இரண்டு பேருக்கும் போக இடமில்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "அவங்கதான் கேக்குறாங்களே, சொல்லுங்களேன்" என்றார். அந்தப் பெண்ணின் குரலில் இருந்தது நெடுநாள் சலிப்பு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல, ரொம்ப நேரமா ஹாரன் அடிச்சேன், ஒதுங்கல, அதான்" என்றார். "எங்கிட்டு ஒதுங்கணும்? இடது பக்கம் பூரா தோண்டிக் கிடந்துச்சே, பாக்கலையா?" என்று கேட்டேன். "கவனிக்கல" என்றார். அப்போது அம்மா முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பி, "எங்க வீட்டு ஆம்பள இறந்துட்டாருப்பா. இது அவரு வண்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியை ஏற்றவும் இல்லை. ரயில் போய்க் கேட் திறக்கிற வரைக்கும் அது இறங்கியே இருந்தது.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கடலை வாங்கிக்கொடுக்கிற சாதாரண ஆள். வசவுக்கு அவரிடம் ஒரே ஒரு மூலதனம்தான் இருந்தது: மறுபடி என் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்ற நிச்சயம். போடி ஜீப் டிரைவர்கள் ஒருத்தரை ஒருத்தர் திட்டாமல் போவது அவர்கள் எல்லாம் தங்கமானவர்கள் என்பதால் இல்லை. சாயங்காலம் ஒரே டீக்கடையில் நிற்கப் போகிறவர்கள். கேட் அந்தக் கார்க்காரரை பத்து நிமிஷத்துக்கு எங்கள் ஊர்க்காரர் ஆக்கிவிட்டது.

அதிலிருந்து சிக்னலிலோ பெட்ரோல் பங்கிலோ சுங்கச்சாவடியிலோ, வண்டி நிற்கிற இடத்தில் மட்டும், நான் கேட்கிறேன்: என்ன சொன்னீங்க? திருப்பிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. பதிலுக்கு வசவு சொல்வதில்லை, சிரித்து மழுப்புவதும் இல்லை. கேட்பது ஒன்றே போதுமாக இருக்கிறது.

எல்லாரிடமும் இப்படிக் கேட்கலாம் என்று சொல்லவே மாட்டேன். குறிப்பாக இதைப் படிக்கிற பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். இருட்டுகிற நேரத்தில் இரண்டு பைக்கில் நாலு பேர், மெட்டில் இருந்து இறங்கும்போது என் பின்னாலேயே, நான் மெதுவாகப் போனால் மெதுவாக, நின்றால் நின்று வந்திருக்கிறார்கள். அங்கே பேச்சுக்கு இடமில்லை. முந்தல் சோதனைச்சாவடி வரைக்கும் நிற்காமல் வந்து, போலீஸ்காரர் நாற்காலிக்கு நேர் எதிரில் வண்டியை நிறுத்தினேன். அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். வண்டி எண்ணை எழுதிக் கொடுத்தேன். பெண்ணை அவமதிக்கிற சொல்லுக்கும் சைகைக்கும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 79-வது பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆட்டோவில் வந்தவர்களால் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச்சட்டமே வந்தது. ரோட்டில் ஒரு சொல், ஒரு சீண்டல் எங்கே போய் முடியும் என்பதற்கு அந்தப் பெண்ணின் கதை போதும். திமிரில் பேசுகிறவனையும் திட்டமிட்டுப் பின்தொடர்கிறவனையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. முதல் ஆளிடம் கேள்வி கேட்கலாம். இரண்டாவது ஆள் வரும்போது வெளிச்சமும் கூட்டமும் இருக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும், 112-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் மூடிய கார் இருந்தால் நல்லதுதான் என்று அண்ணன் சொன்னால், அதை மறுக்க மாட்டேன். அந்த ஒரு இடத்தில் அவன் பயம் நியாயமானது. ஆகவே மழைக்காகப் போடுகிற படுதாவை இப்போது இருட்டிய பிறகு மலை இறங்கும்போதும் போடுகிறேன். மேல் வளைவில் வருகிற வண்டி இருட்டில் ஹெட்லைட்டைக் காட்டிக்கொடுத்துவிடும், அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமும் அப்போது குறைவு.

பகலில் திறந்தபடியேதான். கோயம்புத்தூர் பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அந்தப் பணத்தில் பாதியை பிரேக்குக்கும் புதுப் படுதாவுக்கும் செலவழித்தேன். மகளுக்கு வரும் சித்திரையில் பதினெட்டு முடிகிறது. தன் காரிலேயே கற்றுத்தருகிறேன், அதில்தான் பயமில்லாமல் படிப்பாள் என்கிறான் அண்ணன். அவள் ஜீப்பில்தான் படிக்கப் போகிறாள், அவளும் அதைத்தான் கேட்கிறாள். கிளட்ச்சும் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதும் மெக்கானிக் அண்ணன் சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். மார்க்கெட் ரோட்டில் கூட்ட நேரத்தில் ஓட்டிப் பழக்குவது என் பொறுப்பு.